மலாயாப் புலி தூக்கிலிடப்பட்டது எந்தக் குற்றத்திற்கு?

‘மலாயாப் புலி’ என்று அழைக்கப்பட்ட ஜப்பானியத் தளபதி ஜெனரல் யமாஷித்தா, 1946 பிப்ரவரி 23ஆம் தேதி பிலிப்பீன்ஸில் தூக்கிலிடப்பட்டார். சிங்கப்பூரில் நடந்த படுகொலைகளுக்காகவே அந்தத் தண்டனை என்று நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். அது சரியன்று. அவற்றுக்காக அவர் ஒரு நாளும் விசாரிக்கப்படவில்லை.

ஷிக்கோக்கு தீவில் 1885இல் ஒரு கிராம மருத்துவரின் மகனாகப் பிறந்தவர் அவர். 1936இல் தோக்கியோவில் கலகம் செய்த இளம் அதிகாரிகளுக்காகப் பரிந்து பேசியதால் பேரரசரின் அதிருப்திக்கு ஆளாகி, கொரியாவுக்கு அனுப்பப்பட்டார். 1941இல் ஜெர்மனியைப் பார்த்துத் திரும்பியவர், இராணுவம் நவீனமாகும்வரை பிரிட்டனோடும் அமெரிக்காவோடும் போர் கூடாது என்றே ஆலோசனை கூறினார். அதே ஆண்டின் இறுதியில் மலாயாவைப் பிடிக்கும் பொறுப்பு அவரிடமே வந்தது!

டிசம்பர் 8ஆம் தேதி கோத்தா பாருவிலும் தென் தாய்லாந்திலும் அவரது 25வது படை கரையிறங்கியது. காலாட்படையினர் சைக்கிள்களில் விரைந்தார்கள். டயர் வெடித்தால் வெறும் சக்கரத்திலேயே ஓட்டினார்கள். எழுபதே நாளில், 1942 பிப்ரவரி 15ஆம் தேதி, சிங்கப்பூர் வீழ்ந்தது. அப்போது அவரிடம் இருந்தவர்கள் சுமார் 30,000 பேர். எதிர்த்தரப்பிலோ 80,000க்கும் மேல். பீரங்கிக் குண்டுகளும் தீரும் நிலை. புக்கிட் தீமா ஃபோர்டு தொழிற்சாலையில் ஜெனரல் பெர்சிவலை அவகாசம் தராமல் மிரட்டிப் பணிய வைத்தது, பலவீனத்தை மறைக்கத்தான். இதைப் பின்னர் யமாஷித்தாவே ஒப்புக்கொண்டார்.

வெற்றி கிடைத்த மூன்றாம் நாளே, ஜப்பானுக்கு எதிரானவர்கள் எனச் சந்தேகிக்கப்பட்ட சீனர்களைக் களையெடுக்கும்படி மேஜர் ஜெனரல் கவாமுராவுக்கு அவர் கட்டளையிட்டார். ‘சூக் சிங்’ எனப்படும் அந்தப் படுகொலையில் இறந்தோர் சுமார் 5,000 என்பது ஜப்பானியத் தரப்புக் கணக்கு. சீனச் சமூகத்தின் கணக்கு 40,000க்கும் மேல்.

சில மாதங்களில் யமாஷித்தா மஞ்சூரியாவுக்கு மாற்றப்பட்டார். 1944 அக்டோபரில், போர் கைமீறிய நிலையில், பிலிப்பீன்ஸ் வந்தார். மணிலாவை விட்டு வெளியேறும்படி தம் படைக்கு உத்தரவிட்டு அவர் மலைப்பகுதிக்குப் போய்விட, அட்மிரல் இவாபுச்சியின் கடற்படையினர் நகரிலேயே நின்று போரிட்டனர். 1945 பிப்ரவரியிலும் மார்ச்சிலும் சுமார் ஒரு லட்சம் பொதுமக்கள் மாண்டனர்.

செப்டம்பர் 3ஆம் தேதி பாகியோவில் யமாஷித்தா சரணடைந்தபோது, சிறையிலிருந்து மீண்ட பெர்சிவலும் அங்கே அமர்ந்திருந்தார். அடுத்து வந்த விசாரணையில் ஐந்து அமெரிக்க ஜெனரல்கள் நீதிபதிகள். ஒருவர்கூட வழக்கறிஞர் அல்லர். யமாஷித்தா கட்டளையிட்டார் என்பதன்று, படையினரைக் கட்டுப்படுத்தத் தவறினார் என்பதே குற்றச்சாட்டு. அமெரிக்க உச்ச நீதிமன்றம் தலையிட மறுத்தது. மர்ஃபி, ரட்லெட்ஜ் ஆகிய இரு நீதிபதிகள் மட்டும் கடுமையாக மறுத்தெழுதினர். அந்தத் தீர்ப்பு நியாயமா என்று சட்ட அறிஞர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். சிங்கப்பூர் விஷயத்தில் அப்படி வாதிட அதிக இடமில்லை. அங்கே கட்டளை அவருடையது.

சூக் சிங் வழக்கு சிங்கப்பூரில் 1947இல்தான் நடந்தது. எழுவர் கூண்டில் நின்றனர். கவாமுராவுக்கும் கெம்பித்தாய் அதிகாரி ஓய்ஷிக்கும் தூக்கு. மற்ற ஐவருக்கும் ஆயுள் தண்டனை. கட்டளையிட்டவர் இறந்து அப்போது ஓராண்டு கடந்திருந்தது.