எண்ணைப் பிரியக் கூடாத அலகு

2015 டிசம்பர் 1 அன்று செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து அடையாற்றில் வினாடிக்கு 29,000 கன அடி வரை தண்ணீர் திறக்கப்பட்டது. ஏரியின் முழுக் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. முன்னது பாய்வின் அளவு, பின்னது இருப்பின் அளவு. நமக்கு வேறுபாடு தெரியும். கணினி நிரலுக்கு இரண்டுமே வெறும் எண்கள். கூட்டச் சொன்னால் கூட்டிவிடும். எண்ணோடு அலகையும் சேர்த்தே வைத்துக்கொள்ளும் லைப்ரரிகள் இந்த இடத்தில்தான் உதவுகின்றன. பைத்தானில் ‘பின்ட்’ அப்படிப்பட்டது. எஃப் ஷார்ப் மொழியிலோ அந்த வசதி மொழிக்குள்ளேயே இருக்கிறது. பாய்வையும் இருப்பையும் கூட்டப் போனால், பின்ட், எஃப் ஷார்ப் இரண்டுமே பிழை என்று தடுத்துவிடும். பின்ட்டில் பாய்வை ஒரு மணி நேரத்தால் பெருக்கி, கன அடியில் கேட்டால் 10.44 கோடி என்று சொல்லும்; லிட்டரில் கேட்டால் சுமார் 296 கோடி என்று அதுவே மாற்றித் தரும்.

இதெல்லாம் மீட்டருக்கும் கிலோவுக்கும் போதும், கிரவுண்டு, சவரன் போன்ற உள்ளூர் அளவுகள் இதில் எதற்கு என்று கேட்கலாம். சட்டப்படி நாம் மெட்ரிக் முறைக்கு மாறியவர்கள்தாமே, உள்ளிடும்போதே மாற்றிக்கொண்டால் ஆயிற்று என்பது அந்த வாதம். ஆனால் மாற்றும் அந்த இடத்தில்தான் தவறு நுழைகிறது. 1999-இல் நாசாவின் செவ்வாய் விண்கலம் அழிந்ததற்குக் காரணம், ஒரு நிரல் பவுண்டு விசைக் கணக்கில் கொடுத்ததை இன்னொன்று நியூட்டன் கணக்கென்று எடுத்துக்கொண்டதே. வித்தியாசம் சுமார் 4.45 மடங்கு. மயிலாப்பூரில் மனை இன்றும் கிரவுண்டில்தான் பேசப்படுகிறது: ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி. சென்ட் என்றால் 435.6 சதுர அடி. இதை ஒவ்வொருவரும் தம் நிரலில் கையால் எழுதும்போது யாராவது 435 என்று சுருக்குவார். ஒரு ஏக்கரில் 60 சதுர அடி காணாமல் போகும். லைப்ரரியில் ஒரே இடத்தில் ஒருமுறை சரியாக வரையறுத்துவிட்டால் இந்தச் சிக்கல் இல்லை.

வேகம் குறையும் என்ற குறையைப் பைத்தானில் மறுக்க முடியாது. பெரிய பட்டியலுக்கு எண்தோறும் அல்லாமல் மொத்தமாக ஒரே அலகைக் கொடுத்து அதைக் குறைக்கலாம். எஃப் ஷார்ப்பில் சரிபார்ப்பு கம்பைலரோடு முடிந்துவிடுவதால் ஓடும்போது சுமையே இல்லை. எனக்குப் பெரிதாகத் தெரிவது வேறொன்று: வரையறையே தவறினால் லைப்ரரி அந்தத் தவற்றை எங்கும் பரப்பும். தி.நகர் நகைக்கடையில் சவரன் 8 கிராம். பிரிட்டிஷ் சவரன் நாணயமோ 7.988 கிராம். நூறு சவரனில் ஏறத்தாழ 1.2 கிராம் வித்தியாசம் வரும். ஆகவே இரண்டையும் தனித்தனிப் பெயரில் பதிய வேண்டும்.