அந்த ஐம்பது மீட்டர்

2010 மார்ச். போலந்தில் உலக கிராஸ் கன்ட்ரி போட்டி. ஜூனியர் பெண்கள் ஓட்டத்தில் கென்யாவின் பதினாறு வயதுச் சிறுமி ஒருத்தி வெறுங்காலோடு ஓடி நான்காவதாக வந்தாள். மறு வருடம் ஸ்பெயினில், அதே வெறுங்காலோடு, தங்கம். பெயர் ஃபெய்த் கிப்யேகோன். ஒன்பது பிள்ளைகள் உள்ள வீட்டில் எட்டாவது.

2025 ஜூன் 26. பாரிஸின் சார்லெட்டி மைதானம். அதே கிப்யேகோன் காற்றின் இழுப்பைக் குறைக்கச் சின்னச் சின்னப் புடைப்புகள் பதித்த உடையில் நிற்கிறார். காலில் அவருக்கென்றே செய்த ஸ்பைக்ஸ் காலணி. காற்றை மறைக்க முன்னும் பின்னும் பதின்மூன்று பேர். ஒரு மைலை நான்கு நிமிடத்துக்குள் ஓட வேண்டும். எந்தப் பெண்ணும் அதுவரை செய்யாதது. 4 நிமிடம் 6 விநாடி சொச்சத்தில் முடித்தார். தன் உலக சாதனையையே முந்தியிருந்தார். ஆனால் ஏற்பாடுகள் விதிக்கு வெளியே இருந்ததால் அது கணக்கில் சேரவில்லை.

வெறுங்காலையும் அந்த உடையையும் பக்கத்தில் வைத்து, பார் எவ்வளவு மாற்றம் என்று சொல்லிவிடலாம். என் மனம் அதில் நிற்கவில்லை. அவர் வாழ்க்கையில் அன்று எது, இன்று எது என்று பிரிக்கும் கோட்டை நான் 2018 ஜூனில்தான் போடுவேன். அந்த மாதம் அவருக்கு மகள் பிறந்தாள்.

அதற்குள்ளேயே 1500 மீட்டரில் 2016 ரியோ ஒலிம்பிக் தங்கம், 2017 உலகப் பட்டம் இரண்டும் கையில் இருந்தன. வயது இருபத்து நான்கு. இதோடு போதும் என்று ஊர் சொல்லியிருந்தாலும் ஆச்சரியம் இல்லை. பெண்ணின் உடம்பைப் பற்றி ஓட்டக்களத்துக்கு எப்போதும் ஒரு சந்தேகம் உண்டு. 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்கள் 800 மீட்டர் ஓடியதும், களைத்துப் போனார்கள் என்று கூச்சல் போட்டு அந்தப் பந்தயத்தையே எடுத்துவிட்டார்கள். திரும்ப வந்தது 1960-இல். 1500 மீட்டருக்கோ 1972 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பிரசவம் என்றால் கேட்கவே வேண்டாம். கர்ப்பமானால் ஸ்பான்சர் பணம் குறைகிறது என்று அமெரிக்க வீராங்கனைகள் சிலர் வெளிப்படையாகப் பேசியதே 2019-இல்தான். அதன் பிறகுதான் ஒப்பந்தங்களில் தாய்மைக்குப் பாதுகாப்பு எழுதப்பட்டது.

அதே 2019-இல், மகளுக்கு ஒரு வயது நிரம்பிய சமயத்தில், கிப்யேகோன் களத்துக்குத் திரும்பினார். அந்த ஆண்டே தோஹா உலகப் போட்டியில் வெள்ளி. பிறகு கடல்மட்டத்துக்கு மிக மேலே இருக்கும் காப்டகாட் முகாமில் பேட்ரிக் சாங்கிடம் பயிற்சி. மாரத்தான் வீரர் கிப்சோகேயை உருவாக்கியவரும் சாங்தான். டோக்கியோ, பாரிஸ் ஒலிம்பிக்குகளிலும் 1500 மீட்டர் தங்கம் கிப்யேகோனுக்கே; ஒலிம்பிக்கில் அந்தப் பந்தயத்தை மூன்று முறை தொடர்ந்து வென்றவர் வேறு யாரும் இல்லை. 2023-இல் ஏழு வாரத்துக்குள் 1500, 5000, மைல் என்று மூன்று உலக சாதனைகள். மொனாக்கோவில் மைல் முடிந்ததும், தோற்றவர்கள் ஓடி வந்து அவரைக் கட்டிக்கொண்டார்கள். அந்தக் காட்சியை நான் எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை.

ஒரு கணக்கு மட்டும் போட்டுப் பார்த்தேன். தாயாகும் முன் 1500 மீட்டரில் அவரது சிறந்த நேரம் 3 நிமிடம் 56.41 விநாடி. 2025 ஜூலையில் யூஜீனில் வைத்த உலக சாதனை 3:48.68. அந்தக் கிப்யேகோனும் இந்தக் கிப்யேகோனும் ஒரே களத்தில் ஓடினால், இவர் கோட்டைத் தொடும்போது அவர் சுமார் ஐம்பது மீட்டர் பின்னால், கடைசி நேர்ப்பாதையின் பாதியில் இருப்பார். பாதத்தில் பதிந்த புதிய ஸ்பைக்ஸுக்கும், களத்தின் ஓரத்தில் வேகம் காட்டி ஓடும் விளக்குகளுக்கும் இதில் பங்கு உண்டு. ஐம்பது மீட்டரையும் அவற்றுக்கே கொடுத்துவிட எனக்கு மனமில்லை.

ஓடும் விதமும் மாறிவிட்டது. ரியோவில் அவர் காத்திருந்தார். எல்லோரும் மெல்லப் போன பந்தயம். எத்தியோப்பியாவின் கென்சேபே திபாபா பாய்ந்ததும் பின்தொடர்ந்து, கடைசி 200 மீட்டரில் தாண்டினார். நேரம் 4:08.92. 2025 செப்டம்பரில் டோக்கியோ உலகப் போட்டியில் யாருக்காகவும் காத்திருக்கவில்லை. துப்பாக்கி வெடித்ததும் முன்னால் போனார், முன்னாலேயே இருந்தார். நேரம் 3:52.15. நான்காவது உலகப் பட்டம். அவர் கோட்டைக் கடந்தபோது இரண்டாவதாக வந்தவருக்கு இன்னும் இரண்டரை விநாடிக்கு மேல் ஓட்டம் மீதி இருந்தது.