சீழ் இல்லாத காயம்

காலில் கருவேல முள் தைத்தால் மறுநாளே அந்த இடம் சிவக்கும், சூடேறும், தொட்டால் விண்ணென்று தெறிக்கும். இரண்டொரு நாளில் மஞ்சளும் பச்சையுமாகச் சீழ் கட்டும். முகம் சுளித்துத் துடைத்து எறிகிறோம். அந்தச் சீழை நுண்ணோக்கியில் பார்த்தவர்கள் அப்படிச் சுளிக்க மாட்டார்கள். அதில் பெரும்பகுதி, நம்மைக் காக்க வந்து அங்கேயே மாண்டுபோன லட்சோபலட்சம் வெள்ளணுக்கள். அந்தப் பச்சைச் சாயல்கூட அவற்றின் வயிற்றுக்குள் இருந்த ஒரு நொதியின் நிறம். நியூட்ரோஃபில் என்பது அவற்றின் பெயர். கடலைப் பார்த்தும் மலையைப் பார்த்தும் கைகூப்புகிற நாம் சீழைப் பார்த்துக் கைகூப்புவதில்லை. கூப்பவேண்டிய இடம் அது என்றே எனக்குத் தோன்றுகிறது.

1882இல் சிசிலித் தீவின் மெசினா நகரில் இல்யா மெச்னிகோவ் என்ற விலங்கியலாளர், வீட்டில் எல்லாரும் சர்க்கஸில் குரங்கு வித்தை பார்க்கப் போயிருந்த வேளையில், தனியே நுண்ணோக்கியின் முன் உட்கார்ந்திருந்தார். கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் நட்சத்திரமீன் குஞ்சு ஒன்றின் உடலில் ஊர்ந்து திரியும் அணுக்களைக் கவனித்துக்கொண்டிருந்தபோது ஒரு யோசனை பிறந்தது. தோட்டத்து ரோஜா முள்ளை அந்தக் குஞ்சின் தோலுக்குள் செருகினார். இரவு தூக்கமில்லை. விடிந்ததும் பார்த்தால், ஊர்ந்து திரிந்த அணுக்கள் முள்ளைச் சூழ்ந்து மொய்த்திருந்தன. அதற்குக் கட்டளையிட மூளை இல்லை, வழிகாட்ட ஆளில்லை. முள் தைத்த இடத்துக்கு உதவி தானாக வந்து சேர்ந்தது. இந்தக் கண்டுபிடிப்பின் தொடர்ச்சிக்காக 1908இல் நோபல் பரிசு கிடைத்தது. அதைப் பகிர்ந்துகொண்டவர், சாயமேற்றி வெள்ளணுக்களை வகைபிரித்துக் காட்டிய பால் எர்லிக்.

நம் உடலில் இந்த ஏற்பாடு இன்னும் பிரம்மாண்டமானது. இடுப்பிலும் மார்பெலும்பிலும் முதுகெலும்பிலும் உள்ள மஜ்ஜை, வளர்ந்த மனிதர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ பத்தாயிரம் கோடி நியூட்ரோஃபில்களைச் செய்கிறது. மனித இனம் தோன்றிய நாள்முதல் இந்தப் பூமியில் பிறந்த மனிதர்கள் எல்லாரும் சேர்ந்தே கிட்டத்தட்ட அவ்வளவுதான் என்று மக்கள்தொகை ஆய்வாளர்கள் மதிப்பிடுகிறார்கள். அத்தனையும் ஒரே நாளில், ஒரே உடலுக்குள், நாம் பல் தேய்த்துக்கொண்டும் பஸ்ஸுக்கு நின்றுகொண்டும் இருக்கும்போது. ஒவ்வொன்றும் மஜ்ஜையில் உருவாகி முதிர ஒன்றிரண்டு வாரம் ஆகிறது. ரத்தத்துக்கு வந்தபின் அது உலவுவதோ மணிக்கணக்கில்தான், போனால் போகிறதென்று சில நாள். யாருக்கும் காயம் படாத நாளில் பெரும்பாலானவை ஒரு வேலையும் செய்யாமலே முடிந்துபோகின்றன. இதை வீண் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. காயம் என்றைக்குப் படும் என்று யாருக்குத் தெரியும்?

அதன் உடலமைப்பைப் பாருங்கள். மற்ற அணுக்களில் உருண்டையாக இருக்கும் உட்கரு, இதில் மூன்று நான்கு துண்டுகளாகி மெல்லிய இழையால் கோத்த மணிமாலையாக இருக்கிறது. தன்னைவிடக் குறுகலான இடுக்குகளில் நெளிந்து நுழைய அது வசதி. எங்கோ கிருமி நுழைந்த செய்தி வந்ததும், அங்குள்ள ரத்தநாளத்தின் உள்சுவர் பசைபோட்டதுபோல் மாறுகிறது. ஓடும் ரத்தத்தில் வரும் நியூட்ரோஃபில் அந்தச் சுவரில் உரசி, உருண்டு, மெல்ல நின்று, சுவரணுக்களின் இடைவெளியில் தன்னை நுழைத்து வெளியேறுகிறது. கிருமி உதிர்க்கும் புரதத் துணுக்குகளே அதற்கு வழி சொல்லும் வாசனை. எட்டியதும் விழுங்குகிறது. விழுங்கியதைக் கொல்ல அது தனக்குள்ளேயே தயாரிப்பது ஹைப்போகுளோரஸ் அமிலம். தெருக்குழாய்த் தொட்டியில் நகராட்சிக்காரர் கரைக்கும் பிளீச்சிங் பவுடர் தண்ணீரில் பட்டதும் பிறப்பது அதே அமிலம்தான். மனிதன் பொதுக்குடிநீரில் குளோரினைக் கலக்கக் கற்று நூற்றுச்சொச்சம் ஆண்டுதான் ஆகிறது.

விழுங்கித் தீராத அளவுக்குக் கிருமி இருந்தால்? பெர்லினில் மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2004இல் வெளியிட்டது உடலியல் உலகையே திகைக்கவைத்தது. நியூட்ரோஃபில் தன் உட்கருவைப் பிரித்து, தன் டி.என்.ஏ.வையே வலையாக வெளியே வீசுகிறது. வலையிழைகளில் கிருமிகொல்லிப் புரதங்கள் ஒட்டியிருக்கின்றன. அப்படி வீசுகையில் பெரும்பாலும் அணுவே செத்துவிடுகிறது. அதன்பின் அள்ளிச் சுத்தம் செய்ய வேறு அணுக்கள் வரும். அவ்வளவும் சேர்ந்து, நாம் பஞ்சால் துடைத்தெறிந்த அந்தச் சொட்டு.

இனி இவை இல்லாத உடலை நினைத்துப் பாருங்கள்.

நியூட்ரோஃபில் குறைந்த நிலையை மருத்துவர்கள் நியூட்ரோபீனியா என்கிறார்கள். நோயாளியின் வீட்டில் “கவுண்ட் இறங்கிடுச்சு” என்பார்கள். ஒரு கன மில்லிமீட்டர் ரத்தத்தில் 1500க்குக் கீழே போனால் குறைவு, 500க்குக் கீழே போனால் கடுமை. ரத்தப் பரிசோதனைத் தாளில் மொத்த வெள்ளணு எண்ணிக்கையும், அதில் நியூட்ரோஃபில் எத்தனை சதவீதம் என்பதும் இருக்கும். மொத்தம் 2400, நியூட்ரோஃபில் 20 சதவீதம் என்றால் கையிருப்பு 480. இந்தக் கணக்கைப் போடத் தெரிந்த அம்மாக்களும் மனைவிகளும் புற்றுநோய் வார்டுகளில் நிறையப் பேர். 1966இல் ஜெரால்டு போடியும் அவர் சகாக்களும் ரத்தப்புற்று நோயாளிகளிடம் கணக்கெடுத்து, எண்ணிக்கை இறங்க இறங்கத் தொற்று எப்படிக் கூடுகிறது, இறங்கியபடியே எத்தனை நாள் கிடந்தால் எவ்வளவு ஆபத்து என்று காட்டினார்கள். இன்றைய சிகிச்சை முறைகளின் அடித்தளம் அது.

எண்ணைவிட விசித்திரமானது அந்த உடலின் மௌனம். சிவப்பும் வீக்கமும் சீழும் கிருமி நேரடியாகச் செய்வன என்றுதான் நாம் நினைத்திருந்தோம். அவற்றில் பெரும்பங்கு நியூட்ரோஃபில் செய்யும் வேலையின் தடயம். வேலைக்காரர்கள் இல்லாத இடத்தில் தடயமும் இல்லை. நுரையீரலில் தொற்று இருக்கும், எக்ஸ்ரே சுத்தமாக இருக்கும். சிறுநீரில் கிருமி இருக்கும், சீழணு இருக்காது. ஊசி குத்திய இடத்தில் கிருமி பரவும், கட்டி வராது. காய்ச்சலை எழுப்புவதில் வேறு அணுக்களுக்கும் பங்குண்டு என்பதால் அது ஒன்று மட்டும் மிஞ்சுகிறது. அதனால்தான் கீமோதெரபி எடுத்தவருக்கு ஒருமுறை 101 டிகிரி ஃபாரன்ஹீட் காட்டினாலோ, 100.4 ஒரு மணி நேரம் நீடித்தாலோ, நள்ளிரவென்றும் பாராமல் மருத்துவமனைக்குப் போகச் சொல்கிறார்கள். போய்ச் சேர்ந்த ஒரு மணி நேரத்துக்குள் நரம்பில் ஆன்டிபயாடிக் ஏற வேண்டும் என்பது விதி. காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்பதும், “முதல்ல ஒரு குரோசின் போடு” என்பதும் மற்ற வீடுகளில் நல்ல யோசனைதான். இங்கே அது உடலின் ஒரே குரலை அடைப்பதாகும்.

எல்லாக் குறைவும் ஒன்றல்ல. கீமோதெரபி வேகமாகப் பிரியும் அணுக்களை அழிப்பதால், மஜ்ஜையும் அடி வாங்கி, மருந்தேறிய 7 முதல் 14 நாளுக்குள் எண்ணிக்கை அடிமட்டத்துக்குப் போய் மீளும். டெங்கு போன்ற வைரஸ் காய்ச்சல்களில் தற்காலிகமாகக் குறைந்து தானே ஏறும். பி12, ஃபோலிக் அமிலம், தாமிரம் குறைந்தாலும் குறையும். தைராய்டுக்குக் கார்பிமசோல் சாப்பிடுபவர்களில் மிகச் சிலருக்குத் திடீரென்று அடியோடு போய்விடும். தொண்டைவலியும் காய்ச்சலும் வந்தால் அடுத்த மாத்திரையைப் போடாமல் அன்றே ரத்தம் பார்க்க வேண்டும் என்பதை மாத்திரை அட்டையிலேயே பெரிதாக அச்சிடலாம். சில கைக்குழந்தைகளுக்கு உடலே தன் நியூட்ரோஃபிலுக்கு எதிராகப் பொருள் சுரக்கும். பயமுறுத்தும் எண்ணைக் காட்டிவிட்டு, பெரும்பாலும் நாலைந்து வயதுக்குள் சொல்லாமல் கொள்ளாமல் சரியாகிவிடும்.

இன்னொரு வகைக் குறைவு நோயே அல்ல. மேற்கு, மத்திய ஆப்பிரிக்க வழிவந்த பலரின் சிவப்பணுக்களில் டஃபி என்ற மூலக்கூறு இருப்பதில்லை. சென்னைக்குப் பழகிய வைவாக்ஸ் மலேரியா, சிவப்பணுவுக்குள் நுழைய நம்பியிருக்கும் கதவு அதுதான். கதவே இல்லாத வீடாக இருப்பதால் அந்த மலேரியாவால் அவர்களுக்குள் எளிதில் புகமுடிவதில்லை. அதே மாற்றத்தால் அவர்கள் ரத்தத்தில் நியூட்ரோஃபில் எண்ணிக்கையும் தாழ்ந்திருக்கும். அதனால் தொற்று கூடுவதில்லை. மலேரியாவுக்கு எதிராக இயற்கை தந்த கவசம், வேறு மக்களை அளந்து எழுதிய அட்டவணையில் குறைபாடாகத் தெரிந்தது. அந்த எண்ணைப் பார்த்துத் தேவையில்லாமல் மருந்தளவைக் குறைத்ததும் நிறுத்தியதும் உண்டு.

பிறவிக் குறைவுகளில் என்னை அதிகம் உலுக்கியது 21 நாள் சுழற்சி. இந்தக் குழந்தைகளுக்கு ஏறக்குறைய மூன்று வாரத்துக்கு ஒருமுறை நியூட்ரோஃபில் அறவே வற்றிவிடும். வாய்ப்புண், ஈறு வீக்கம், காய்ச்சல். சில நாளில் ஏறி, குழந்தை ஓடியாடத் தொடங்கும். பிறகு மறுபடி. பல் முளைக்கிறது, கண்பட்டுவிட்டது என்று பெரியவர்கள் சொல்லிக்கொண்டிருக்க, காலண்டரில் வட்டம் போட்டுவந்த தாய் அந்த ஒழுங்கை முதலில் கண்டுபிடித்துவிடுவாள். மருத்துவர்கள் செய்வதும் அதேதான்: ஆறு வாரம், வாரத்துக்கு இரண்டு மூன்று முறை ரத்தம் எடுத்து எண்ணுவார்கள். சாம்பல் நிறக் கோலி நாய்க்குட்டிகளுக்கும் இதே நோய் உண்டு, சுழற்சி இன்னும் குறுகியது. இந்தக் கடிகாரம் எங்கே இருக்கிறது? சுழற்சி நோய் இருந்த ஒருவரின் மஜ்ஜையை ரத்தப்புற்று வந்த உடன்பிறப்புக்கு ஏற்றியபோது, ஏற்றுக்கொண்டவருக்கும் அதே சுழற்சி தொடங்கியதை 1982இல் பதிவுசெய்தார்கள். கடிகாரம் மஜ்ஜையோடு இடம்பெயர்ந்துவிட்டது. அதன் மூலமான மரபணுப் பிழை 1999இல் பிடிபட்டது.

இந்தக் குறைவோடு வாழ்கிறவர்களைச் சுற்றி அன்பு நிறையவே இருக்கிறது, கொஞ்சம் இடையூறாகவும். “ஈரல் வாங்கிக் கொடும்மா, மாதுளை கொடு, கவுண்ட் தானா ஏறும்” என்று போன் வரும். சத்துக்குறைவால் இறங்கியிருந்தால் ஒழிய, எந்தப் பழமும் மஜ்ஜையை அவசரப்படுத்தாது. பழமே கூடாது என்ற கெடுபிடிக்கும் ஆதாரம் போதவில்லை. பச்சைக் காய்கனிகளை அறவே தவிர்த்தவர்களுக்குத் தொற்று குறைந்ததாக ஆய்வுகள் காட்டவில்லை. நன்றாகக் கழுவி, தோலுரித்த பழம், சுடச்சுடச் சமைத்த சோறு, கொதித்தாறிய நீர் போதும். வார்டில் வேறு விதி சொன்னால் அதைக் கேட்டுக்கொள்ளலாம். கோயில் தீர்த்தத்தை இந்த நாட்களில் குடிக்காமல் தலையில் தெளித்துக்கொள்ளலாம், சாமி கோபிக்காது. மெத்தென்ற பிரஷ், அடிக்கடி வாய் கொப்பளிப்பது, எனிமாவோ ஆசனவாய் மருந்தோ தவிர்ப்பது. எல்லாவற்றுக்கும் மேலே கை கழுவுவது. பார்க்க வருகிறவர் கழுவுவதும்தான். சளியோடு வரும் சித்தப்பாவை “போன்ல பேசுங்க சித்தப்பா, அடுத்த வாரம் வாங்க” என்று வாசலிலேயே திருப்பியனுப்ப வீட்டில் ஒருவருக்குத் துணிச்சல் வேண்டும். அந்தப் பொறுப்பை நோயாளி தலையில் வைக்கக்கூடாது.

உண்மையான துணை பல நேரம் ரத்தம் எடுக்கும் வரிசையில் கிடைக்கிறது. “உங்களுக்கு எவ்வளவு?” “முந்நூறு.” “எங்க வீட்டுக்காரருக்கு அம்பதுக்குப் போயி ஏறுச்சு. பயப்படாதம்மா.” பிறவிக் குறைவுள்ள குடும்பங்களுக்கு அந்த வரிசையும் கிடைப்பதில்லை; ஊரில் அவர்கள் வீடு மட்டுமே இருக்கும். அப்படிச் சிதறியவர்களின் வரலாற்றை ஒன்றுசேர்க்க 1994இல் கடும் நாட்பட்ட நியூட்ரோபீனியாவுக்கான பன்னாட்டுப் பதிவேடு தொடங்கியது. பள்ளி ஆசிரியரிடம் ஒரு கடிதம், சட்டைப்பையில் நோயின் பெயரும் மருத்துவமனை எண்ணும் எழுதிய அட்டை இரண்டும் இருந்தால், அவசர சிகிச்சைப் பிரிவில் நடு இரவில் யாருக்கும் பாடம் நடத்த வேண்டியதில்லை.

ஸ்வீடனின் வடக்கே சில குடும்பங்களில் குழந்தைகள் தொற்றால் அடுத்தடுத்து இறந்ததை ரோல்ஃப் கோஸ்ட்மன் 1956இல் விரிவாக எழுதினார். அன்று அவரிடம் கொடுப்பதற்கு மருந்தில்லை. மெல்போர்னில் டொனால்டு மெட்காஃபும் சகாக்களும் 1960களிலிருந்து மஜ்ஜை அணுக்களை வளர்த்து, அவற்றைப் பெருகச் சொல்லும் சுரப்புகளைத் தேடிக்கொண்டிருந்தார்கள். அவற்றுள் ஒன்றான ஜி.சி.எஸ்.எஃப்.க்குரிய மனித மரபணு 1986இல் படியெடுக்கப்பட்டது. 1991இல் அது அமெரிக்காவில் மருந்தாக அனுமதி பெற்றது. பிறவிக் குறைவுள்ள குழந்தைகளில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் இதனால் எண்ணிக்கை ஏறுகிறது. சிலருக்குப் பின்னாளில் ரத்தப்புற்று வரும் அபாயம் இருப்பதால் கண்காணிப்பு நிற்பதில்லை. ஊசி பலிக்காதவர்களுக்கு மஜ்ஜை மாற்றம்தான் வழி. வேலூர் சி.எம்.சி.யில் அது 1986 முதல் நடந்துவருகிறது.

இந்த ஊசிமருந்தை மருந்தாலைகள் எதைக்கொண்டு செய்கின்றன தெரியுமா? ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியாவைக் கொண்டு. கவுண்ட் இறங்கிய நோயாளியின் குடல்சுவரைக் கடந்து ரத்தத்தில் புகுந்து உயிருக்கு உலை வைக்கும் கிருமிகளில் அதுவும் ஒன்று. அதற்குள் மனித மரபணுவை வைத்தால், தன் இனத்தைத் தின்னப்போகும் அணுக்களை வரவழைக்கும் புரதத்தை அதுவே மறுப்பில்லாமல் செய்துகொடுக்கிறது. உயிரின் எழுத்து எல்லா உயிருக்கும் ஒன்றே என்பதால் நடக்கும் அற்புதம் இது. இதற்கு மேல் ஓர் அதிசயத்தை நான் எங்கும் தேடப்போவதில்லை.

ஊசி போட்டவர்களில் பலருக்கு இடுப்பிலும் மார்பெலும்பிலும் வலி வரும். மஜ்ஜை வேலையில் இறங்கிவிட்டதன் வலி அது. அங்கே அணுக்கள் நெருக்கியடித்துப் பிறந்துகொண்டிருக்கின்றன. பெரும்பாலும் பாராசிட்டமாலிலேயே அடங்கிவிடும். அதைப் போடுமுன் தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்துவிடுங்கள்.