'தமிழ்' என்ற சொல்லையே உடைக்கும் பைத்தான்... சிக்கல் எங்கே?

'பொன்னி அரிசி, துவரம் பருப்பு. உப்பு,புளி' என்று ஒரு மளிகைப் பட்டியல் வந்தால், நாலு பொருள் என்று நமக்குப் பார்த்ததுமே தெரியும். கணினிக்குத் தெரியாது. எங்கே வெட்ட வேண்டும் என்று நாம்தான் சொல்லித்தரணும்.

பைத்தான் மொழியில் இதற்கு 'ஸ்பிளிட்' என்ற கட்டளை இருக்கிறது. காற்புள்ளியில் வெட்டச் சொன்னால் மூன்று துண்டுகள்தான் கிடைக்கும். பருப்பும் உப்பும் ஒட்டிக்கொண்டே வரும். இங்கேதான் 'ரெகுலர் எக்ஸ்பிரஷன்', சுருக்கமாக 'ரீஜெக்ஸ்', கைகொடுக்கிறது.

ரீஜெக்ஸ் என்றால் என்ன?

குறிப்பிட்ட ஓர் எழுத்தை மட்டும் தேடாமல், ஓர் அமைப்பையே தேடச் சொல்லும் குறியீடு இது. 1950-களில் கணித அறிஞர் ஸ்டீபன் கிளீனி முன்வைத்த கருத்து. 1968-ல் கென் தாம்சன் இதை வைத்து உரையில் தேடும் முறையை வெளியிட்டார்.

நம் பட்டியலுக்கு '[,.] *' போதும். சதுர அடைப்புக்குள் இருப்பவற்றில் ஏதாவது ஒன்று. அதற்குப் பிறகு இடைவெளி எத்தனை இருந்தாலும், இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்று அர்த்தம். நாலு பொருளும் சுத்தமாகப் பிரியும். 'பொன்னி அரிசி'யும் உடையாது.

தமிழில் என்ன சிக்கல்?

சொற்களைப் பிரிக்க ஒரு பிரபலமான குறுக்குவழி உண்டு. பின்சாய்வுக்கோடு போட்டு, பக்கத்தில் பெரிய 'டபிள்யூ', ஒரு கூட்டல் குறி. 'எழுத்து, எண், அடிக்கோடு அல்லாத இடமெல்லாம் வெட்டு' என்று பொருள். சாதாரண ஆங்கில வாக்கியத்துக்கு இது பெரும்பாலும் சரியாக வரும்.

ஆனால் யூனிகோடில் தமிழின் புள்ளியும் துணைக்குறிகளும் 'எழுத்து' என்ற வகையில் இல்லை. 'குறி' என்ற தனி வகையில் இருக்கின்றன. நமக்கு 'தமிழ்' மூன்று எழுத்து. கணினிக்கு த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து. அந்த இரண்டு குறிகளையும் பைத்தானின் ரீஜெக்ஸ் வெட்டும் இடமாக எடுத்துக்கொள்கிறது. மிஞ்சுவது 'தம', 'ழ', கடைசியில் ஒரு வெற்றுத் துண்டு. ஜாவாஸ்கிரிப்டில் இன்னும் மோசம். அங்கே இந்தக் குறுக்குவழிக்கு ஆங்கில எழுத்துகள் மட்டும்தான் எழுத்து. தமிழ்ச் சொல் முழுசா காணாமல் போய்விடும்.

பிழைச் செய்தி எதுவும் வராது என்பதுதான் ஆபத்து. பெயர்ப் பட்டியலிலோ தேடல் வசதியிலோ இது நுழைந்தால், 'முருகன்' என்று தேடுபவருக்கு முருகன் கிடைக்க மாட்டார்.

என்ன செய்யலாம்?

'எழுத்து அல்லாதது' என்று சொல்லாமல், எங்கே வெட்டணும் என்பதை நேரடியாக எழுதுங்கள்: இடைவெளி, காற்புள்ளி, முற்றுப்புள்ளி. குறுக்குவழியேதான் வேண்டும் என்றால், பைத்தானில் 'ரீஜெக்ஸ்' என்ற பெயரிலேயே தனியாக நிறுவக்கூடிய தொகுப்பு ஒன்று உண்டு. அது துணைக்குறிகளையும் சொல்லின் பகுதியாகவே பார்க்கும். எதுவானாலும், புள்ளி வைத்த ஒரு தமிழ்ச் சொல்லைக் கொடுத்துச் சோதித்துவிட்டு அடுத்த வேலைக்குப் போங்கள்.