ஒரு குறி, நான்கு பேர்

2025 மே 3, சனிக்கிழமை. பொதுத் தேர்தல் நாள். செங்காங்கின் ரிவர்வேல் வட்டாரத்தில் வசிக்கும் ஒருவர் வாக்களிப்பு நிலையத்துக்குச் சென்று, வாக்குச்சீட்டில் ஒரே ஒரு பெருக்கல் குறியைப் போடுகிறார். அந்த ஒரு குறியால் அவர் நான்கு வேட்பாளர்களுக்கு வாக்களித்துவிட்டார். அவருடைய தங்கை இருப்பது செங்காங் நகரின் மறுபக்கத்தில், ஃபெர்ன்வேலில். அவரது வீடு ஜாலான் காயு தனித்தொகுதிக்குள் அடங்குகிறது. அவரும் ஒரு குறிதான் போடுகிறார். ஆனால் அந்தக் குறி ஒரே ஒரு வேட்பாளருக்கு மட்டுமே.

அக்காளுக்கு நால்வர், தங்கைக்கு ஒருவர். ஏன் இந்த வேறுபாடு? இதற்கான விடை நமது நாட்டின் அரசமைப்புச் சட்டத்தில் இருக்கிறது.

அரசமைப்புச் சட்டம் என்பது சட்டங்களுக்கெல்லாம் மேலான சட்டம். அரசாங்கத்துக்கு என்ன அதிகாரம் உண்டு, அந்த அதிகாரம் எங்கே முடிகிறது, குடிமக்களுக்கு என்னென்ன உரிமைகள் உண்டு என்பதை அது வரையறுக்கிறது. நாடாளுமன்றம் இயற்றும் எந்தச் சட்டமும் அதற்கு முரணாக இருந்தால், முரண்படும் அளவுக்குச் செல்லாது.

அமெரிக்கர்கள் தங்கள் அரசமைப்புச் சட்டத்தை எழுதிய விதம் உலக வரலாற்றில் புகழ்பெற்றது. 1776இல் விடுதலையை அறிவித்த அவர்கள், 11 ஆண்டுகள் கழித்து 1787இல் ஃபிலடெல்ஃபியா நகரில் கூடினார்கள். பிரதிநிதிகள் 55 பேர், கதவுகளை அடைத்துக்கொண்டு, மே மாத இறுதியிலிருந்து செப்டம்பர் 17 வரை வாதிட்டார்கள். இறுதியில் கையெழுத்திட்டவர்கள் 39 பேர். அத்தனை நாள் பேசியும் அவர்கள் எழுதியதில் குறைகள் இருந்தன. பேச்சுரிமை, சமய உரிமை போன்றவை அதில் இடம்பெறவில்லை. 1791இல்தான் திருத்தங்களாகச் சேர்க்கப்பட்டன. அடிமை முறை ஒழிய 1865வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

சிங்கப்பூருக்கு அப்படி உட்கார்ந்து பேச அவகாசமே கிடைக்கவில்லை. 1965 ஆகஸ்ட் 9ஆம் தேதி மலேசியாவிலிருந்து பிரிந்தபோது, தனி நாட்டுக்கென எழுதிய அரசமைப்புச் சட்டம் எதுவும் கையில் இல்லை. நாடாளுமன்றம் டிசம்பரில்தான் கூடியது. அம்மாதம் 22ஆம் தேதி சிங்கப்பூர்க் குடியரசுச் சுதந்திரச் சட்டம் நிறைவேற்றப்பட்டு, ஆகஸ்ட் 9ஆம் தேதியிலிருந்தே நடப்புக்கு வந்ததாகக் கருதப்பட்டது. மலேசியாவின் ஒரு மாநிலமாக இருந்தபோது பெற்ற 1963ஆம் ஆண்டின் மாநில அரசமைப்புச் சட்டம், இந்தச் சுதந்திரச் சட்டம், மலேசிய அரசமைப்புச் சட்டத்திலிருந்து எடுத்துக்கொண்ட சில பகுதிகள் ஆகிய மூன்றும் சேர்ந்துதான் நமது அரசமைப்புச் சட்டமாக விளங்கின. மூன்று நோட்டுப் புத்தகங்களைப் புரட்டிப் பாடம் படிப்பதுபோல்தான்! இவை ஒரே தொகுப்பாக அச்சிடப்பட்டது 1980இல்.

அமைப்பைப் பொறுத்தவரை, சட்டம் இயற்றும் நாடாளுமன்றம், அதனை நடைமுறைப்படுத்தும் அமைச்சரவை, சட்டத்துக்குப் பொருள் கூறும் நீதிமன்றம் என மூன்று கிளைகள் உண்டு. அமெரிக்காவிலும் மூன்று கிளைகள்தாம். ஆனால் அங்கே அதிபரே அரசாங்கத்தின் தலைவர். அவரும் அவருடைய அமைச்சர்களும் சட்டமன்ற உறுப்பினர்களாக இருக்க முடியாது. இங்கே அரசாங்கத்தை வழிநடத்துபவர் பிரதமர். அவரும் அமைச்சர்களும் நாடாளுமன்ற உறுப்பினர்களே. நமது அதிபர் நாட்டின் தலைவர்.

அவசரமாகச் சேர்த்துக் கட்டிய அந்தச் சட்டத்தில் ஒரு கேள்விக்கு மட்டும் தலைவர்கள் தனியாக விடை தேடினார்கள். பெரும்பான்மையினரின் வாக்குகளால் அமையும் நாடாளுமன்றத்தில் சிறுபான்மையினருக்கு யார் பாதுகாப்பு? இந்தக் கேள்வி வெறும் ஏட்டுக் கேள்வி அன்று. 1964இல் ஜூலையிலும் செப்டம்பரிலும் இங்கே இனக் கலவரங்கள் மூண்டு உயிர்கள் பலியாகியிருந்தன. எனவே, 1966இல் தலைமை நீதிபதி வீ சோங் ஜின் தலைமையில் ஓர் ஆணையம் இதனை ஆராய்ந்தது. அதன் பரிந்துரைகளையொட்டி 1970இல் அதிபர் மன்றம் உருவானது. இன்று அதன் பெயர் சிறுபான்மையினர் உரிமைகளுக்கான அதிபர் மன்றம். நாடாளுமன்றம் நிறைவேற்றும் பெரும்பாலான மசோதாக்களை இம்மன்றம் பார்வையிடுகிறது. ஏதேனும் ஓர் இனத்தையோ சமயத்தையோ ஒரு மசோதா பாதிக்கும் என அது கருதினால், அதனை நாடாளுமன்றத்துக்குத் தெரிவிக்கும். அதற்குப் பிறகும் மாற்றமின்றி அம்மசோதாவை நிறைவேற்ற வேண்டுமென்றால், மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினர்களின் ஆதரவு தேவை.

மொழிக்கும் அரசமைப்புச் சட்டத்தில் இடமுண்டு. மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம் ஆகிய நான்கும் அதிகாரத்துவ மொழிகள் என்று 153ஏ பிரிவு கூறுகிறது. நாடாளுமன்ற விவாதங்களை இந்த நான்கு மொழிகளிலும் நடத்தலாம் என்று வேறொரு பிரிவு சொல்கிறது. 2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, சிங்கப்பூர்வாசிகளில் இந்தியர்கள் 9 விழுக்காட்டினர். அவர்களுள்ளும் ஒரு பகுதியினரே தமிழர்கள். எண்ணிக்கையை மட்டும் பார்த்திருந்தால், பெருவிரைவு ரயில் நிலையப் பெயர்ப்பலகையில் தமிழ் இருந்திருக்குமா என்று எண்ணிப் பாருங்கள்.

இப்போது வாக்குச்சீட்டுக்கு வருவோம். மொழிக்கு இடம் கிடைத்தது. ஆனால் சிறுபான்மை வேட்பாளர்கள் தேர்தலில் வெல்வார்களா? வாக்காளர்கள் தத்தம் இனத்தவருக்கே வாக்களிக்கும் போக்கு வளர்ந்தால் என்ன செய்வது என்ற கவலை 1980களில் எழுந்தது. அப்போது முதல் துணைப் பிரதமராக இருந்த கோ சோக் டோங் 1988இல் குழுத்தொகுதித் திட்டத்தை நாடாளுமன்றத்தில் முன்வைத்தார். வேட்பாளர்கள் தனித்தனியே நிற்காமல் ஓர் அணியாக நிற்க வேண்டும். அணியில் குறைந்தது ஒருவராவது மலாய், இந்திய அல்லது வேறொரு சிறுபான்மைச் சமூகத்தைச் சேர்ந்தவராக இருக்க வேண்டும். வாக்கு அணிக்கே. வென்றால் எல்லாரும் உறுப்பினர்கள். தோற்றால் எவருக்கும் இடமில்லை. தொடக்கத்தில் ஓர் அணிக்கு மூவர். இன்று நால்வர் அல்லது ஐவர். செங்காங் குழுத்தொகுதி 2020இல் உருவாக்கப்பட்டபோது அதற்கு நான்கு இடங்கள் ஒதுக்கப்பட்டன.

இத்திட்டத்தைப் பற்றி எல்லாரும் ஒரே கருத்துக் கொண்டிருக்கவில்லை. எந்தத் தேர்தலிலும் சிறுபான்மையினர் நாடாளுமன்றத்தில் இல்லாமற்போகும் நிலை வராது என்கின்றனர் ஆதரிப்போர். புகழ்பெற்ற ஓர் அமைச்சரின் தோளில் ஏறி, மக்கள் அறியாத புதியவர்களும் எளிதாக உள்ளே வந்துவிடலாம் என்கின்றனர் குறைகூறுவோர். இரண்டிலும் உண்மை இருக்கிறது.

இன்னொரு சிக்கலும் உண்டு. அணியாக வென்றவர்களுள் ஒருவர் இடையில் விலகினால் என்ன ஆகும்? 2017இல் ஹலிமா யாக்கோப் அதிபர் தேர்தலில் போட்டியிடுவதற்காக மார்சிலிங்-இயூ டீ குழுத்தொகுதியிலிருந்து விலகினார். அங்கே இடைத்தேர்தல் நடத்த வேண்டும் என்று அத்தொகுதியின் வாக்காளர் ஒருவர் வழக்குத் தொடுத்தார். விலகியவர் அணியின் சிறுபான்மை உறுப்பினர் என்பதால் வழக்கு மேலும் கவனத்தை ஈர்த்தது. சட்டத்தின் சொற்களை ஆராய்ந்த மேல்முறையீட்டு நீதிமன்றம், ஓர் இடம் மட்டும் காலியானால் இடைத்தேர்தல் நடத்தத் தேவையில்லை என்று 2019இல் தீர்ப்பளித்தது. மூன்றாவது கிளையின் வேலை இதுதான்.

செங்காங்வாசிகள் இதனை நேரிலேயே கண்டார்கள். 2021இல் அத்தொகுதியின் உறுப்பினர்களுள் ஒருவர் பதவி விலகினார். இடைத்தேர்தல் நடக்கவில்லை. எஞ்சிய மூவரும் தொகுதிப் பணிகளைத் தங்களுக்குள் பகிர்ந்துகொண்டார்கள். அந்த நான்காவது இடம், 2025 மே மாதத்தில் ரிவர்வேல்வாசி தம் வாக்குச்சீட்டில் ஒரு குறி போடும்வரை காலியாகவே இருந்தது.