மின் தொகுப்பில் மாற்றம்: ஒத்திகை இல்லையேல் இருள்

ஸ்ரீரங்கப்பட்டணத்தைத் தழுவி ஓடும் காவிரி, சிவசமுத்திரத்தில் அருவியாக விழுகிறது. அங்கு 1902-இல் உற்பத்தியான மின்சாரம் கோலார் தங்கச் சுரங்கங்களுக்குச் சென்றது. அன்று கோளாறு ஏற்பட்டால் பாதிப்பு சுரங்கங்களோடு நின்றிருக்கும். இன்று நாடு முழுவதும் ஒரே மின் தொகுப்பு. ஓரிடத்தில் செய்யப்படும் மாற்றம், பல மாநிலங்களை இருளில் ஆழ்த்தக்கூடும். அதனால்தான் எந்த மாற்றத்தையும் கணினி மாதிரியில் முதலில் செய்துபார்ப்பது அவசியமாகிறது.

2012 பாடம்: பினா-குவாலியர்-ஆக்ரா மின்பாதையின் ஒரு தடம், 765 கிலோ வோல்ட்டாகத் தரம் உயர்த்தும் பணிக்காக நிறுத்தப்பட்டிருந்தது. எஞ்சிய தடத்தின் மீது சுமை கூடியது. 2012 ஜூலை 30-ஆம் தேதி அதிகாலையில் வடக்கு மின் தொகுப்பு சரிந்தது. மறுநாள் வடக்கு, கிழக்கு, வடகிழக்குத் தொகுப்புகள் மூன்றும் சரிந்தன. சுமார் 60 கோடி மக்கள் வாழும் பகுதிகள் பாதிக்கப்பட்டன.

தப்பிய தெற்கு: அப்போது தென்னகத் தொகுப்பு மற்றவற்றுடன் ஒத்தியங்கும் வகையில் இணைக்கப்படவில்லை. அதனால் தமிழகம் தப்பியது. ஆனால் அதே தனிமை, பற்றாக்குறைக் காலத்தில் வெளி மாநில மின்சாரத்தைப் பெறுவதற்குத் தடையாகவும் இருந்தது. 2013 டிசம்பர் 31-ஆம் தேதி ராய்ச்சூர்-சோலாப்பூர் மின்பாதை வழியே தெற்கும் இணைந்தது. வரவுடன் அபாயமும் பொதுவானது.

எப்படிச் சோதிப்பது?: மின் நிலையங்கள், மின்பாதைகள், தேவை அனைத்தையும் கணினியில் பதித்து, ஒரு பாதையைத் துண்டித்துப் பார்க்கின்றனர். மற்ற பாதைகள் சுமையைத் தாங்க வேண்டும் என்பதே மத்திய மின்சார ஆணையத்தின் அடிப்படைத் திட்டமிடல் விதி.

கணிப்பு தவறினால்?: 2020 ஏப்ரல் 5-ஆம் தேதி இரவு 9 மணிக்கு விளக்குகளை அணைக்குமாறு பிரதமர் கேட்டுக்கொண்டார். மின் தேவை சுமார் 13,000 மெகாவாட் குறையும் என அதிகாரிகள் கணித்தனர். குறைந்ததோ 31,089 மெகாவாட். ஆயினும் தொகுப்பு சரியவில்லை. முன்கூட்டியே தயார்நிலையில் வைக்கப்பட்டிருந்த நீர்மின் நிலையங்கள், உற்பத்தியை 17,500 மெகாவாட்டுக்கு மேல் குறைத்து ஈடுகொடுத்தன.

கணிப்பு பொய்க்கலாம், அதையும் தாங்கும் இடைவெளி தேவை என்பதை அந்த இரவு உணர்த்தியது. மாதிரியின் துல்லியமோ மாநிலங்கள் அளிக்கும் தரவுகளைப் பொறுத்தது. காற்றாலை, சூரிய மின் உற்பத்தி பெருகிவரும் தமிழகம், தில்லியின் முடிவுக்காகக் காத்திராமல், சோதனைக் கட்டத்திலேயே தனது கணக்கை முன்வைப்பதுதான் பாதுகாப்பு.