கரையேற மணல் வேண்டும்

தை பிறந்து பங்குனி கழியும்வரை, ஊரடங்கிய ராத்திரி வேளைகளில், சோழமண்டலக் கரையில் பங்குனி ஆமைகள் முட்டையிட வருவது யுகயுகாந்தரமாக நடந்துவரும் காரியம். அலை எட்டாத உலர்மணலைத் தேடி ஊர்ந்து வரும் தாய் ஆமை, பின்துடுப்புகளை மாற்றி மாற்றி அகப்பைபோல் வளைத்து ஏறக்குறைய ஒரு முழ ஆழத்துக்குக் குழி பறித்து, சுமார் நூறு முட்டைகள் இட்டு மூடி, தன் உடம்பாலேயே மணலைத் தட்டி அழுத்திவிட்டு, பிறக்கப்போகும் குஞ்சுகளைப் பாராமலே கடலுக்குத் திரும்பிவிடுகிறது. பிறகு சுமார் 50 நாட்கள் மணல்தான் அடைகாக்கிறது. குஞ்சு ஆணா பெண்ணா என்பதைக்கூட மணலின் உஷ்ணமே நிர்ணயிக்கிறது.

இந்த ஜீவனைக் காக்க அரசாங்கம் சிரத்தை எடுக்காமலில்லை. 1972ஆம் வருஷத்து வனவிலங்குச் சட்டம் அதற்கு உச்சபட்சப் பாதுகாப்பை அளித்தது. 2021இல் தேசியக் கடலாமைச் செயல்திட்டம் வெளியாயிற்று. வனத்துறையார் முட்டைகளைச் சேகரித்துப் பொரிப்பகங்களில் வைக்கிறார்கள். கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் விசைப்படகுகள் இழுவலை போடக்கூடாதென்ற விதியும் உண்டு. அப்படியிருந்தும், 2025இன் தொடக்கத்தில் சென்னைக் கரையோரம் நூற்றுக்கணக்கான ஆமைகள் செத்து ஒதுங்கின. நுரையீரலால் சுவாசிக்கும் பிராணி, வலையில் சிக்கி மேலே வர முடியாவிட்டால் மூச்சுமுட்டி மாள்வதன்றி வேறு கதியில்லை.

ஆனால் புதுச்சேரிக்கு வடக்கேயுள்ள கோட்டக்குப்பத்துக் கரையில் நின்று பார்ப்பவருக்கு இன்னொரு ஆபத்தும் புலப்படும். வருஷத்தின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டிருந்த மணலை, 1980களின் பிற்பகுதியில் எழுந்த புதுச்சேரித் துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவர்கள் மறித்துவிட்டன. தேங்கும் மணலை வாரி வடபுறம் சேர்க்கும் ஏற்பாடு ஆதித் திட்டத்திலேயே இருந்தும், அது ஒழுங்காக நிறைவேறவில்லை. நகரத்தைக் காக்கக் கருங்கல் கொட்டினார்கள். அரிப்பு வடக்கே நகர்ந்து, தந்திராயன்குப்பம், சின்னமுதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் என்று தமிழ்நாட்டின் விழுப்புரம் ஜில்லாக் குப்பங்களைத் தின்னத் தொடங்கியது. அங்கும் கல்லே கொட்டப்பட்டது. கற்குவியலில் முட்டிய ஆமை முட்டையிட இடமின்றித் திரும்பும்.

வலையைக் கண்காணிக்க ஓர் இலாகா, முட்டையைப் பேண ஓர் இலாகா என்று வகுத்த நம் திட்டங்களில், மணலுக்குப் பொறுப்பாளி யாரென்பது தெளிவாயில்லை; ஒரு சர்க்காரின் துறைமுகம் மற்றொரு சர்க்காரின் கரையைக் கரைக்கும்போது அந்தக் குறை பன்மடங்காகிறது. மணலை மீட்பது அசாத்தியமன்று. 2018-19இல் கடலுக்கடியில் செயற்கைத் திட்டு அமைத்ததும் புதுச்சேரி நகரத்தின் முன்னே மணல் மீண்டும் சேர்ந்தது. வடகரைக்கும் அத்தகைய கவனத்தை இரு அரசுகளும் கூடியே செலுத்தவேண்டும். அந்த ஆலோசனையில் மீனவர்களுக்கு முதலிடம் தருவது நியாயம். படகை இழுத்துப் போடவும் வலையை உலர்த்தவும் அவர்களுக்கும் அதே மணல்தான் வேண்டியிருக்கிறது.